நடுநிலைப் பள்ளியும் ஒரு தாப்பாவும்

கல்லூரி மூன்றாம் ஆண்டில் எனக்கு விழுந்த பட்டப்பெயர் ‘நடுநிலைப் பள்ளி’. வைத்தது என் வகுப்புத் தோழி. “எட்டாவது வரைக்கும்தான் இருக்கும். அதுக்கு மேல எதக் கேட்டாலும் இங்க இல்லன்னு கையை விரிக்கும்” என்று பெயருக்கு விளக்கவுரையும் அவளே கொடுத்தாள். ஒரே வாரத்தில் அது கேண்டீன் வரைக்கும் பரவி, “நடுநிலைக்கு ஒரு லெமன் சாதம்” என்று மாஸ்டர் குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். இத்தனைக்கும் நான் செய்த குற்றம் ஒன்றுதான். தேர்தல் செய்தியை எந்தப் பக்கமும் சாயாமல் எழுதப் பார்த்தேன்.

எங்கள் கல்லூரி ராயபுரம் பக்கம். பெயர் வேண்டாம், இப்போதும் அங்கே எனக்குச் சான்றிதழ் வேலை பாக்கி இருக்கிறது. வகுப்புக்கு ஒரு ஆளை ஆசிரியர்களே கைகாட்டி, அதற்கு மாணவர் பேரவை என்று பெயரும் வைத்துப் பல வருடம் ஓட்டிக்கொண்டிருந்த நிர்வாகம், அந்த வருடம் திடீரென்று ஞானம் வந்து தேர்தல் என்று அறிவித்தது. கொடி கூடாது. கோஷம் கூடாது. ஊர்வலம் கூடாது. சுவரில் போஸ்டர் கூடாது. பட்டாசு கூடவே கூடாது. இப்படி எல்லாவற்றையும் கழித்த பிறகு மிச்சமிருந்தது இரண்டு வேட்பாளர்களும் நானும்தான்.

நான் என்றால் சுவர்ப் பத்திரிகை. கேண்டீனுக்குப் போகும் வழியில், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு மரப்பெட்டி சுவரில் இருக்கும். கல்லூரிச் செய்திகளை எழுதி, பெரிய தாளில் அச்செடுத்து, அதற்குள் ஒட்டுவேன். நின்று படிக்கிறவர்கள் குறைவு. போனில் படம் பிடித்துக்கொண்டுபோய் வகுப்பு குரூப்பில் போடுவார்கள். அங்கே படிப்பார்கள், அல்லது படித்த மாதிரி ஒரு இதயத்தைப் போட்டுவிட்டுப் போவார்கள். பெட்டிக்கு ஒரு பூட்டு உண்டு. தேர்தல் என்றதும், எவனாவது உள்ளே போஸ்டரைச் சொருகிவிடப் போகிறான் என்று இன்னொரு பூட்டும் போட்டார்கள். இரண்டு சாவியும் தமிழ்த்துறைப் பேராசிரியரிடம் இருந்தன.

அவர்தான் பத்திரிகைக்குப் பொறுப்பு. நாங்கள் ‘ஐயா’ என்று கூப்பிடுவோம். தேர்தல் அறிவித்த அன்றே என்னை அழைத்து உட்காரவைத்தார்.

“நடுநிலை முக்கியம் அம்மா. இந்தப் பத்திரிகை ஒரு பக்கம் சாய்கிறது என்று முதல்வர் காதுக்குப் போனால், பெட்டியைக் கழற்றிப் பழைய சாமான் அறையில் போட்டுவிடுவார். எனக்கு அவரைத் தெரியும்.”

அந்தப் பெட்டியை விட்டால் அந்தக் கல்லூரியில் என்னை யாருக்கும் தெரியாது. நான் விளையாட மாட்டேன், பாட மாட்டேன், சுமாராகப் படிப்பேன். ஆகவே பயந்துபோய்த் தலையாட்டினேன்.

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் ‘நீ எந்தக் கட்சி’ என்று யாரும் கேட்க மாட்டார்கள். ‘நீ எந்த ரூட்டு’ என்றுதான் கேட்பார்கள். காலையில் எந்த பஸ்ஸில் வருகிறாயோ அதுதான் உன் கொள்கை, உன் சிநேகிதம், சிலருக்குக் காதலும் அதிலேயே அமைந்துவிடும். தலைவர் பதவிக்கு நின்ற இரண்டு பேரில் ஒருவன் எண்ணூர் ரூட்டு, இன்னொருத்தி வியாசர்பாடி ரூட்டு.

அவன் காத்திவாக்கத்துப் பையன். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். இவன் மட்டும் பள்ளிக்கூட நாளிலிருந்து பேச்சுப் போட்டிக்குப் போய், எவர்சில்வர் தட்டும் டம்ளருமாகப் பரிசு வாங்கி வீட்டுக்குப் பாத்திரம் சேர்த்தவன். அந்தப் பழக்கத்தில், மணி என்ன என்று யாராவது கேட்டால்கூட ‘நண்பரே’ என்றுதான் ஆரம்பிப்பான். என்னை ‘நிருபர் சகோதரி’ என்பான். நல்ல பையன். அவனோடு பேசினால் மட்டும் ஏதோ திறப்பு விழாவுக்குப் போய்விட்டு வந்த களைப்பு வரும்.

அவள் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. பி.காம். படித்தாள். பெண்கள் கால்பந்து அணியில் தடுப்பாட்டம். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து அவள் கூப்பிட்டால் கேண்டீனில் டீ ஆற்றுகிறவர் தன்னைத்தானோ என்று திரும்பிப் பார்ப்பார். பேச்சு அப்படியே எங்கள் ஊர்ப் பேச்சு. வகுப்பறை, மைதானம், முதல்வர் அறை என்று இடத்துக்கு ஒன்றாக அவளிடம் கிடையாது.

என்னிடம் உண்டு. எங்கள் வீடு திருவொற்றியூர். வீட்டில் நான் ‘இன்னா’, ‘கீது’. கல்லூரியில் ‘என்ன’, ‘இருக்கு’. காலையில் பஸ் தேரடியைத் தாண்டும்போது மாற்றிக்கொள்வேன், சாயங்காலம் அதே இடத்தில் திரும்ப எடுத்துக்கொள்வேன். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. முதல் வருடம், முதல் வாரம், ஒரு பெண் ‘நீ பேசுறது செம காமெடி’ என்று சொன்னாள். அதோடு சரி.

திருவொற்றியூர் என்பதால் எண்ணூர் ரூட்டார் என்னைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். பெண் என்பதால் அவள் அணி என்னைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு மெட்ரோவில் வர ஆரம்பித்தேன். பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, நடுநிலைக்கு மட்டும் டிக்கெட் உண்டு என்பதை அந்த வாரம் தெரிந்துகொண்டேன். யார் டீ வாங்கிக் கொடுத்தாலும் மறுத்தேன். பிறகு நானே வாங்கிக் குடிப்பதையும் நிறுத்தினேன். அதற்குக் காரணம் வேறு, வருகிறேன்.

இரண்டு பேரையும் பேட்டி எடுத்தேன். ஒரே கேள்விகள், ஒரே இடம், நூலகப் படிக்கட்டு. வெயில்கூட இரண்டு பேர் மேலும் ஒரே மாதிரி அடிக்க வேண்டும் என்று ஒரே நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். அவ்வளவு பைத்தியம்.

“ஜெயித்தால் முதலில் என்ன செய்வீர்கள்?” என்று அவனைக் கேட்டேன்.

“இருள் சூழ்ந்த இந்த வளாகத்தில் விடியலின் முதல் கதிரை ஏற்றிவைப்பேன் சகோதரி.”

“டியூப்லைட்டா?”

“இல்லை சகோதரி. அது ஒரு குறியீடு.”

அடுத்த நாள் அதே கேள்வியை அவளைக் கேட்டேன். யோசிக்கவே இல்லை.

“லேடீஸ் பாத்ரூமுக்கு தாப்பா போடுவேன். அவ்ளோதான். உள்ள ஒர்த்தி போனா வெளிய ஒர்த்தி கதவப் புட்ச்சிகினு நிக்கணும். இன்னா மா காலேஜு இது? உன் பேப்பருக்கு ரெண்டு பூட்டு கீது. எங்களுக்கு ஒரு தாப்பா இல்ல.”

தாப்பா என்று அவள் சொன்னது தாழ்ப்பாளை. அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பெண்கள் கழிவறை கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. கதவுகள் இருந்தன. தாழ்ப்பாள்கள்தான் கடல் காற்றில் துருப்பிடித்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்துவிட்டன. ஆகவே எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்திருந்தது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். பிடித்துக்கொண்டால் மட்டும் போதாது, பேசிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவள் பேச வேண்டியதில்லை, வெளியே இருப்பவள் வாயை மூடக் கூடாது. பேச்சு நின்றால் ஆள் போய்விட்டாள் என்று அர்த்தம். உடனே உள்ளேயிருந்து ‘ஏய், இருக்கியா?’ என்று ஒரு அலறல் வரும். சினிமாக் கதை சொல்வார்கள், அடுத்த வகுப்புக்கான பாடத்தை ஒப்பிப்பார்கள், வீட்டுச் சண்டையைத் தொடர்கதையாகச் சொல்லி முக்கியமான இடத்தில் நிறுத்துவார்கள். பேச்சு வராத பெண்ணை யாரும் துணைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

தேர்தல் வந்ததும் எனக்குத் துணை போயிற்று. பட்டப்பெயர் வைத்த தோழிதான் எப்போதும் எனக்குக் கதவு பிடிப்பவள். அவள் கால்பந்துக்காரியின் அணியில் சேர்ந்து, கையில் பச்சை ரிப்பன் கட்டிக்கொண்டு திரிந்தாள். அவளைக் கூப்பிட்டால் எண்ணூர் ரூட்டுப் பெண்கள் பார்ப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டால் இவள் பார்ப்பாள். எனவே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். காலையில் கொண்டுபோன பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

“இன்னாடி, தண்ணி அப்டியே கீது? நாக்கு வறண்டுகினு வந்து நிக்கிற. அங்க இன்னா, பாலைவனத்துலயா பட்ச்சிகினு கீற?” என்று அம்மா பாட்டிலை ஆட்டிப் பார்த்தாள்.

“நடுநிலைம்மா” என்றேன். அம்மா அதை ஏதோ பாடம் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டாள். நிருபருக்குச் சொந்தக் கருத்து இருக்கக் கூடாது என்று நான் படித்திருந்தேன். சிறுநீர்ப்பை இருக்கலாமா கூடாதா என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

பேட்டிகளை எழுத உட்கார்ந்தேன். அவன் பேச்சில் கைவைக்கவே வேண்டாம், வாயிலிருந்து வரும்போதே அச்சாகித்தான் வரும். அவள் பேச்சையும் சொன்னது சொன்னபடி எழுதி ஐயாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“என்னம்மா இது, கொச்சை! அவனுக்கு மட்டும் நல்ல தமிழைப் போட்டுவிட்டு இந்தப் பெண்ணுக்குக் ‘கீது’ என்று போட்டால் அது பாரபட்சம் இல்லையா? படிக்கிறவன் சிரிப்பான். இரண்டு பேருக்கும் ஒரே தமிழைக் கொடு.”

கேட்பதற்கு ரொம்ப நியாயமாக இருந்தது. நான் திரும்பிப் போய் உட்கார்ந்து, தேரடியில் எனக்கு நானே தினமும் செய்துகொள்வதை அவளுக்கும் செய்துவைத்தேன். ‘மகளிர் கழிவறைகளில் தாழ்ப்பாள் பொருத்தப்பட வேண்டும் என்பதே எனது முதன்மைக் கோரிக்கை’ என்று வந்தது. படித்துப் பார்த்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. ஐயா இரண்டு பூட்டையும் திறந்துவிட்டார், ஒட்டினேன்.

மத்தியானம் அவள் என்னைத் தேடிக்கொண்டு வகுப்புக்கே வந்தாள். கையில் போன், போனில் என் பத்திரிகை.

“ஏம்மா, யாரு மா இது?”

“நீதான்.”

“நானா? இந்தம்மாவுக்கு நானே ஓட்டு போட மாட்டேன்.”

“நீ சொன்னதுதான். தமிழ் மட்டும் கொஞ்சம்...”

“எங்க ரூட்டுப் பசங்கோ கேக்குறானுங்க. லீடர் ஆவறதுக்கு முன்னாடியே வாய் மாறிப்போச்சா, ஆனப்பறம் எங்கள யாருன்னு கேப்பியான்றானுங்க. நான் பேசுனத்த நான் பேசுனா மாரி போடு. வேற ஒண்ணும் வாணாம்.”

இதுவும் ரொம்ப நியாயமாக இருந்தது. அந்த ஒரு மாதம் முழுக்க எனக்கு இதுதான் கஷ்டம், யார் எதைச் சொன்னாலும் நியாயமாகவே இருந்தது. ஐயாவிடம் போய், மேற்கோள் குறிக்குள் இருப்பது பேசியவருடைய சொத்து, அதில் நாம் கைவைக்கக் கூடாது என்று வாதாடினேன். “உன் பாடு” என்று சாவியை நீட்டினார். அடுத்த இதழில் அவள் பேசியது இன்னா, கீது, புட்ச்சிகினு எல்லாவற்றோடும் வந்தது.

கல்லூரியே படித்தது. முதல்முறையாகப் பெட்டிக்கு முன்னால் ஆட்கள் நின்றார்கள். சத்தம் போட்டுப் படித்தார்கள், சினிமாவில் எங்கள் ஊர் ஆளைக் காட்டும்போது குரலை எப்படி இழுப்பார்களோ அப்படி இழுத்து இழுத்துப் படித்தார்கள். சாயங்காலத்துக்குள் ‘தாப்பா கீதா?’ என்று வாட்ஸ்அப் ஸ்டிக்கர் வந்துவிட்டது. படித்து விழுந்து விழுந்து சிரித்தவர்களில் பாதிப் பேர் தண்டையார்பேட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் வீட்டுக்குப் போய் அதே ‘கீது’வைப் போட்டுத்தான் சாப்பாடு கேட்பார்கள். அவர்களும் எங்கேயோ ஒரு தேரடியில் மாற்றிக்கொண்டு வந்தவர்கள்தான்.

எண்ணூர் ரூட்டுப் பையன் என்னை நூலக வாசலில் பிடித்தான்.

“சகோதரி, ஒரு சிறு மனக்குறை. அவருடைய உரை மட்டும் உயிரோடு இருக்கிறது. என்னுடையது சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது. இது நடுநிலையா?”

“நீங்க பேசினதைத்தானே போட்டேன்?”

“எனக்கும் அதுதான் வருத்தம்” என்றான்.

அவள் மைதானத்துப் படியில் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். திட்டவில்லை.

“கரெக்டாத்தான் மா போட்டுகீற. ஆனா எல்லாரும் என்னப் பாத்தா ‘கீது கீது’ன்றாங்கோ. தாப்பாவப் பத்தி ஒர்த்தரும் பேசல.”

பாவமாக இருந்தது. என் மேலேயே எரிச்சலாகவும் இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொன்னால் அது ஒரு பக்கம் சாய்ந்ததாக ஆகிவிடுமே என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் அவள் பூட்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு தரப்பின் முணுமுணுப்பும் ஐயா காதுக்குப் போயிற்று. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “வெள்ளிக்கிழமை இருவரும் நேருக்கு நேர் பேசுகிறார்கள். அதுதான் கடைசி இதழ். பதிவு செய்துகொள். யார் எதைப் பேசினாலும் எழுத்துப் பிசகாமல் போடு. கூட்டாதே, குறைக்காதே. அதற்கு மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது” என்றார். எனக்கு உயிர் வந்தது. எனக்கும் வேலை மிச்சம், போனே எழுதிக்கொள்ளப்போகிறது.

வெள்ளிக்கிழமை நடு முற்றத்தில் கூட்டம். சீட்டுப்போட்டதில் அவள் முதலில் பேச வேண்டும் என்று வந்தது. இஸ்திரி போட்ட சுடிதாரும் படிய வாரிய தலையுமாக மேடை ஏறினாள். பந்தை உதைக்கப்போகிறவள் மாதிரி ஒரு காலை முன்னால் வைத்து நின்றாள். கையில் தாள் எதுவும் இல்லை.

“மதிப்பிற்குரிய மாணவ மாணவியரே” என்றாள்.

தோழி என்னைப் பார்த்தாள், நான் போனைப் பார்த்தேன்.

“மகளிர் கழிவறைகளில் தாழ்ப்பாள் பொருத்தப்பட வேண்டும் என்பதே எனது முதன்மைக் கோரிக்கை.”

அது என் வாக்கியம். முதல் இதழில் நான் எழுதி, எனக்கே பெருமையாக இருந்த அதே வாக்கியம். அதை எழுத்து எழுத்தாக மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். ‘தாழ்ப்பாள்’ என்ற இடத்தில் நாக்கை மடித்து, ழ-வை அத்தனை சுத்தமாகச் சொன்னாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று பலமுறை சொல்லிப் பார்க்காமல் அது வராது. மைதானம் முழுக்கக் கேட்கும் அந்தக் குரல் அன்றைக்கு இரண்டாம் வரிசையோடு நின்றுவிட்டது. பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்துவிட்டு, “நன்றி, வணக்கம்” என்று இறங்கினாள். கைதட்டினார்கள், ஆண்டு விழாவில் வரவேற்புரைக்குத் தட்டுகிற அளவுக்கு.

அடுத்தது அவன்.

“நண்பர்களே! வரலாறு தன் கனத்த கதவுகளை நமக்காகத் திறந்துகொண்டிருக்கும் இவ்வேளையில்...” என்று கையை உயர்த்தினான்.

அந்த வேளையில்தான் மணலி ஆலைகள் பக்கத்திலிருந்து காற்று திரும்பியது. எங்களுக்குப் பழகிய நாற்றம்தான், வாரத்தில் ஒருமுறையாவது வரும். அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. ஜனங்கள் துப்பட்டாவையும் கைக்குட்டையையும் எடுத்தார்கள். உயர்ந்த கையை அவன் மூக்குக்குக் கொண்டுபோனான். மைக் திறந்தே இருந்தது.

“அய்யே! இன்னாடா மாமு இது, எவனோ சிலிண்டரத் தொறந்து வுட்டா மாரி கீது! மூக்கு எரியுதுடா டேய். நம்ப உயிரு இன்னா அவ்ளோ சல்லிசா? டெய்லி இத்த மோந்துகினுதான குந்திகினு கீறோம். ஒர்த்தனாவது கேட்டானா? ஒரே பேஜாராக் கீது!”

முற்றமே வெடித்தது. விசில் என்றால் அப்படி ஒரு விசில். “நம்ப ஆளுடா!” என்று ஒரு பக்கம் கத்தினார்கள், வியாசர்பாடி ரூட்டுப் பையன்கள்கூட எழுந்து நின்று தட்டினார்கள். அவன் முகம் சிவந்துபோய், மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, திரும்ப “நண்பர்களே” என்று ஆரம்பித்துப் பார்த்தான். யாரும் அந்த நண்பர்களைக் கேட்கத் தயாராக இல்லை.

ஐயா சொன்ன சொல்லை நான் தட்டவில்லை. இரண்டையும் எழுத்துப் பிசகாமல் போட்டேன். இடது பக்கத்தில் மகளிர் கழிவறைகளில் தாழ்ப்பாள் பொருத்தப்பட வேண்டும். வலது பக்கத்தில் இன்னாடா மாமு இது. போன வாரம் ‘கீது’வுக்கு விழுந்து விழுந்து சிரித்தவர்கள் இந்த வாரம் அதே ‘கீது’வுக்கு நெஞ்சில் கைவைத்தார்கள். பையன் பேசினால் அது மண்ணின் குரல். பெண் பேசியபோது அது ஸ்டிக்கர். இதை எழுதலாமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது. எழுதினால் அது கருத்து, ஆகவே எழுதவில்லை.

அவன் ஜெயித்தான். வித்தியாசம் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு வகுப்பு முழுக்க மாற்றிப் போட்டிருந்தால் அவள் வந்திருப்பாள். நான் யாருக்குப் போட்டேன் என்று கேட்காதீர்கள். அதை அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்வதாக இல்லை. வெற்றிச் செய்திக்காக அவனிடம் போனேன். மாலைக்கு நடுவிலிருந்து, “இது என் வெற்றி அல்ல சகோதரி, காலத்தின் வெற்றி” என்றான்.

“கழிவறைத் தாழ்ப்பாள் விஷயம்?”

“ஆவன செய்யப் பரிசீலிக்கப்படும்” என்றவன், பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். “இன்னா மா, நெஜமாவே தாப்பா இல்லியா?”

அவனுக்குத் தெரியவே தெரியாது. மூன்று இதழாக நான் எழுதியதில் அந்த ஒரு விஷயம் மட்டும் அவனுக்குப் போய்ச் சேரவில்லை. தாப்பா அவனுடைய பேரவையின் முதல் கூட்டத்தில் ‘இதர’ என்ற தலைப்பின் கீழ் வந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஐயாவுக்கு ஏக சந்தோஷம். கடைசி இதழுக்கு ஒரு புகாரும் வரவில்லை, முதல்வரே ‘நடுநிலையான பத்திரிகை’ என்று பாராட்டினாராம். கேண்டீனில் டீயும் கேக்கும் வாங்கிக் கொடுத்தார். தேர்தல்தான் முடிந்துவிட்டதே என்று குடித்தேன். அதன் மேல் ஒரு பாட்டில் தண்ணீர். ஒரு மாத தாகம். இன்னொரு டீயும் குடித்தேன்.

அரை மணி நேரத்தில் பின்கட்டுக்கு ஓடினேன். அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. எல்லோரும் வாசலில், பட்டாசு கூடாது என்பதால் வாயாலேயே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள். தோழியைப் போனில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. தோற்ற அணியின் பெண்கள் எங்கேயோ கூடி அழுதுகொண்டிருந்திருப்பார்கள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டைகள் மட்டும் இருந்த அந்தக் கதவுக்கு முன்னால், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றேன்.

குழாயில் முகம் கழுவ அவள் வந்தாள். கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்.

“இன்னா ரிப்போட்டரு, ஒண்டியா நிக்கிற?”

“இல்ல... சும்மா...”

“சும்மா எவளாவது இங்க வந்து நிப்பாளா? போ உள்ள. நான் புட்ச்சிக்கிறேன்.”

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். உடம்பு கேட்கவில்லை. உள்ளே போனேன், வெளியிலிருந்து அவள் கதவை இழுத்துப் பிடித்தாள். பேச ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இருக்கிறது, கோல்கீப்பருக்குப் பல் வலி, ஒரு பக்கக் கன்னம் வீங்கிப்போய் பந்து எது கன்னம் எது என்று தெரியவில்லை, அவளுக்குப் பதிலாக யாரை நிறுத்துவது என்று புரியாமல் கோச்சு தலையைப் பிய்த்துக்கொள்கிறார். குரல் அவளுடைய பழைய குரல். பின்கட்டு முழுக்கக் கேட்டிருக்கும். ஒப்பித்த வாக்கியத்தின் வாடைகூட அதில் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நடுவில் கோல்கீப்பர் கதையை விட்டுவிட்டாள்.

“ஏம்மா. எனுக்குப் போட்டியா?”

நான் பேசவில்லை.

“வாணாம், சொல்லாத. உள்ள கீறவ பேச வாணாம். அதான ரூலு.”

அதற்குப் பிறகு அவளும் பேசவில்லை. தூரத்தில் வாய்ப் பட்டாசு மட்டும் கேட்டது. கதவு லேசாக ஆடியது. போய்விட்டாளோ? போனாலும் அவளைத் தப்பு சொல்ல என்ன இருக்கிறது? மூன்று வருடமாகத் தேரடியிலேயே இறக்கிவைத்துவிட்டு வந்த குரல் என்னைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது.

“ஏய்! கீறியா?”

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்டது.

“கீறேன், கீறேன். எங்க பூடப்போறேன்? நீ மெதுவா வா.”